கிறிஸ்து பிறப்புக் காலப் பாடம்: நன்றியை யாரிடம் செலுத்துவது?



ஒவ்வோர் ஆண்டும் இந்நாள்களில் உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எங்கள் வழக்கம். இம்முறை நன்றி என்பதையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறோம். விவிலியத்தை அருகில் வைத்துக்கொண்டு, குடும்பமாகவோ அன்பியக் கூட்டத்திலோ இதை வாசியுங்கள். இறுதியில் சில கேள்விகளும் ஒரு சிறு செபமும் தந்திருக்கிறோம்.

ஒரு முடிச்சு மல்லாட்டை

இப்பாடத்தை எங்களுக்கு முதலில் கற்றுத்தந்தவர் ஒரு மூதாட்டி. சர்க்கரை நோயால் காலில் ஏற்பட்ட புண்ணுக்காகப் பல வாரங்கள் எங்கள் வார்டில் படுத்திருந்தவர். புண் ஆறி வீடு சென்றார். சில மாதங்கள் கழித்து, திருவருகைக் காலத்தில் ஒரு நாள், முந்தானையில் முடிந்த மல்லாட்டையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். மருத்துவருக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "டாக்டரம்மா அறுவை அறையில் இருக்கிறார், கொஞ்சம் உட்காருங்கள் ஆயா" என்றோம்.

அவர் தலையசைத்தார். "அவங்களுக்கு இல்ல சிஸ்டரம்மா. நான் படுத்திருந்த கட்டில்ல இப்ப யாரு இருக்காங்களோ அவங்களுக்குக் குடுங்க. நான் படுத்திருந்தப்ப யாரோ எனக்குக் கஞ்சிக்குப் பணம் கட்டினாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்கு எப்படிங்க திருப்பிக் குடுக்கிறது? அதான் இப்படி" என்றார்.

அந்தக் கட்டிலில் அன்று ஓர் இளம்பெண் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. மல்லாட்டை கைமாறியது. ஆயா பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

நமக்குக் கொடுத்தவரை நம்மால் கண்டுபிடிக்க முடியாதபோது நன்றி என்ன ஆகிறது? இதுவே இன்று நாம் படிக்கப்போகும் பாடம்.

ஒரு கொடையின் பெயரைச் சுமக்கும் ஊர்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள் எங்களிடம் மருத்துவத்துக்கு வருகிறார்கள். இதே பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உண்டு. பழங்காலத்தில் மன்னர்கள் வேதம் கற்ற அந்தணருக்குத் தானமாக அளித்த ஊர்கள் 'பிரமதேயம்' எனப்பட்டன. அச்சொல்லே பிரம்மதேசம் என்று வழங்குகிறது என்பர். ஆக, ஒரு கொடையின் நினைவு அந்த ஊரின் பெயரிலேயே தங்கியிருக்கிறது.

அது கற்றவர்களுக்கு அளிக்கப்பட்ட கொடை. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களின் பெயரோ நாற்று நட்டவர்களின் பெயரோ ஊர்ப் பெயரில் ஏறவில்லை. எந்தக் கொடையைப் பற்றிப் பேசும்போதும் இந்த இரண்டாவது உண்மையையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். கொடை யாரைச் சென்று சேர்கிறது? யார் வெளியே நிற்கிறார்கள்?

இப்பகுதிக் கத்தோலிக்கர் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பலர் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். டிசம்பர் அவர்களுக்குக் கை இறுகிய மாதம். சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. அறுப்பு தை மாதத்தில்தான். மரக்காணத்து உப்பளங்களில் மழைக்காலம் முடியும்வரை உப்பு விளையாது. அதனால் உப்பளத் தொழிலாளருக்கும் வேலையில்லை. புயல் வருவதும் இந்தக் காலத்தில்தான். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முதல் மெழுகுதிரியை ஏற்ற வேண்டிய நாளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பே நனைந்து கிடந்தது.

இப்படிப்பட்ட மாதத்தில்தான் இங்கே விழா வருகிறது. இளைஞர்கள் மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டுகிறார்கள். குடிலில் புல்தரைக்காகக் கேழ்வரகு தெளித்து முளைக்க வைக்கிறார்கள். கீதபவனி வீடு வீடாகச் செல்கிறது. வீட்டுக்காரர் உண்டியலில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ போட்டு, பாடியவர்களுக்குத் தேநீரும் கொடுக்கிறார். பிள்ளைகளின் புதுத்துணிக்காகக் குழுவில் கடன் வாங்கிய வீட்டிலும் அந்தத் தேநீர் உண்டு. இல்லாமைக்கு நடுவே இத்தனை தாராளம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் பல முறை வியந்திருக்கிறோம். அதற்கு விடை காண நான்கு பாடங்களாகச் சிந்திப்போம்.

முதற்பாடம்: திரும்பிப் பார்த்தல்

லூக்கா 17:11-19 பகுதியை வாசியுங்கள். பத்துத் தொழுநோயாளர் குணம் பெறுகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்து நன்றி செலுத்துகிறார். அவர் ஒரு சமாரியர்.

மற்ற ஒன்பது பேரை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையில் பணி செய்கிற எங்களுக்கு அவர்கள்மேல் சற்றுப் பரிவு உண்டு. குருக்களிடம் போய்க் காட்டும்படி இயேசுவே அவர்களுக்குச் சொல்லியிருந்தார். குரு பார்த்து 'தூய்மை' என்று அறிவித்தால்தான் அவர்கள் ஊருக்குள் நுழையலாம், மனைவி மக்களைத் தொடலாம். வீட்டைப் பிரிந்து கிடந்தவருக்கு அந்த அவசரம் இருக்காதா? எங்களிடம் குணமானவர்களிலும் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை. அவர்கள் வயலுக்கோ கடலுக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதே எங்களுக்கு நல்ல செய்தி.

ஆயினும் திரும்பி வந்த ஒருவருக்கு, மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது. தோல் பத்துப் பேருக்கும் குணமாயிற்று. தமக்கு நலம் தந்தவரின் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவரே. நன்றி என்பது முதலில் நின்று, திரும்பி, 'இது எனக்கு எங்கிருந்து வந்தது?' என்று கேட்பது. இந்தக் கேள்வியைக் கேளாதவன் தன்னிடம் உள்ளதெல்லாம் தன் உழைப்பே என்று எண்ணிக்கொள்கிறான். அவனுக்குக் கொடுப்பது கடினம். தன்னுடையதில் ஒரு பகுதியை இழப்பதாகவே அவனுக்குத் தோன்றும்.

ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் செய்வது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் சொல்லுக்கு 'நன்றி செலுத்துதல்' என்றே பொருள். கிறிஸ்து பிறப்பு இரவில் பங்குமக்கள் பெருந்திரளாகக் கூடுவது பாடல்களுக்காகவும் குடிலுக்காகவும் மட்டுமன்று. அது நன்றிப் பந்தி.

இரண்டாம் பாடம்: மூன்றாம் ஆளிடம் போதல்

திரும்பிப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? பெற்றதைப் பெற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதா? கடவுளுக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? பெற்றோருக்கு? உயிர் பிழைக்க இரத்தம் தந்த முகம் தெரியாத ஒருவருக்கு?

தொடக்கத் திருச்சபை இதற்கு ஒரு வழி கண்டது. கி.பி. 155ஐ ஒட்டிய காலத்தில் உரோமையில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியிருக்கிறார். நன்றிப் பலி முடிந்தபின் வசதியுள்ளோர் தம் விருப்பப்படி காணிக்கை அளிப்பர். அது வழிபாட்டுத் தலைவரிடம் சேர்க்கப்படும். அவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்போர், ஊருக்குப் புதிதாய் வந்தோர் ஆகியோரைப் பேணுவார். கடவுளுக்கு நன்றி என்று கொடுத்தது, நோயாளியின் கட்டிலருகே போய்ச் சேர்ந்தது. இன்று நம் பங்குகளில் காணிக்கைப் பவனியில் அரிசியும் தேங்காயும் வாழைத்தாரும் சுமந்து செல்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இவ்வளவு ஆழமானது.

இதே பாடத்துக்கு நம் திண்டிவனத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அது கத்தோலிக்கரல்லாத நம் சகோதரர்களின் பணியில் நிகழ்ந்தது. 1890ஐ ஒட்டிய காலம். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றிவந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தை வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு வேலூரில் எழுந்த மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவ்வாறு வளர்ந்ததே.

தம் மனைவியின் அன்புக்கு ஷெல் பட்டிருந்த கடனை இனி அந்த அம்மையாரிடம் திருப்பித் தர இயலாது. அவர் மறைந்துவிட்டார். அந்த நன்றி கடல் கடந்து, அவர் ஒருபோதும் பார்த்திராத பெண்களின் பிரசவக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. ஐடாவோ, அந்த மூன்று பெண்களுக்குத் தம்மால் செய்ய முடியாமற்போனதை, அவர்களுக்குப் பின் வந்த ஆயிரமாயிரம் பெண்களுக்குச் செய்தார்.

எங்கள் ஆயாவின் மல்லாட்டை முடிச்சும் இந்த வழியில்தான் நடந்தது. பத்தாயிரம் டாலரும் ஒரு முடிச்சு மல்லாட்டையும் அளவில் வேறு. போகும் திசை ஒன்றே. நன்றி வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. அடுத்தவரை நோக்கிப் போனால் போதும்.

மூன்றாம் பாடம்: வாங்குபவர் முகம் வாடாமல் கொடுத்தல்

இங்கே நாங்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நாளில் நோயாளிகளுக்குச் சேலை வழங்கினோம். அவர்களை வரிசையில் நிற்கவைத்து, சேலையைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் படம் எடுத்தோம். அன்பர்களுக்கு அனுப்ப வேண்டுமே என்ற நல்ல எண்ணம்தான். வரிசையில் நின்ற ஒரு பெண், கேமரா தம் பக்கம் திரும்பியதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். படம் சரியாக வரவில்லையே என்று அன்று வருந்தினோம். அந்தப் படத்தை மறுபடி பார்த்த பிறகே எங்களுக்கு உறைத்தது. சேலையைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையாக அவருடைய மானத்தைக் கேட்டிருக்கிறோம்! அதன்பின் அவ்வாறு படம் எடுப்பதை விட்டுவிட்டோம். இன்று கையில் கைப்பேசி இல்லாதவர் இல்லை. ஆகவே இந்தச் சோதனை முன்னிலும் பெரிது.

திருச்சபையின் மரபு இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ்தான் பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உருமாறியவர். வறுமையால் மகள்களுக்கு மணம் முடிக்க இயலாத ஒரு தந்தையின் வீட்டுக்குள் அவர் இரவில் யாரும் அறியாமல் பொற்காசு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபு கூறுகிறது. கேட்டவருக்குக் கொடுத்தது பெரிதன்று. அந்தத் தந்தை தலைகுனிய வேண்டாம் என்று இருட்டில் கொடுத்தாரே, அதுதான் பெரிது.

1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் சேர்ந்து தொடங்கியதே வின்சென்ட் தே பவுல் சபை. 1997இல் ஓசானாம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். நம் பங்குகள் பலவற்றிலும் இச்சபை இயங்குகிறது. அதன் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுக்கிறார்கள். யார் நூறு ரூபாய் போட்டார், யார் ஒரு ரூபாய் போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. கொடுக்க இயலாதவரும் அந்த வட்டத்தில் சமமாக உட்காரலாம். பிறகு உறுப்பினர்கள் ஏழைகளின் வீட்டுக்கே செல்கிறார்கள். வரச்சொல்லி வரிசையில் நிறுத்துவதற்கும், வீடு தேடிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும் எவ்வளவு வேறுபாடு!

வீடு தேடிப் போவதைப் பற்றிப் பேசும்போது, நம் கீதபவனி எந்தத் தெரு வரை போகிறது என்றும் கேட்டுக்கொள்வோம். நம் சிற்றூர்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கு இடையிலும் அந்தக் கோடு முழுவதும் அழிந்துவிடவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பப்பட்ட இடம் தமிழ்நாட்டில் உண்டு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, இந்தப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. பெத்லகேமில் நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் ஊருக்கு வெளியே கிடை காத்துக் கிடந்த இடையர்கள் (லூக்கா 2:8-20). அவர்கள் வந்து நின்ற குடிலை நம் கோயிலில் வைத்துவிட்டு, அவர்கள் போன்றோர் தரும் தேநீரைக் குடிக்கத் தயங்கினால், அந்தக் குடில் நம்மைப் பார்த்து என்ன சொல்லும்? காலனிக்குச் சேலை கொடுக்கப் போவது எளிது. அங்கே உட்கார்ந்து அவர்கள் கொடுப்பதை வாங்கிக் குடிப்பதுதான் நமக்குத் தேர்வு. வாங்கத் தெரியாதவனுக்குக் கொடுக்கவும் தெரியாது.

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். அவ்விழா நாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மாட்டுப் பொங்கல் கொண்டாடும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மாட்டையும் மறவாத விழாவில் ஒரு மனிதர் விடுபட்டால் அது எப்படி விழாவாகும்?

நான்காம் பாடம்: விழா முடிந்த மறுநாளும் கொடுத்தல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 25 சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8 ஆயிரம் பேர். அவர்களுள் சுமார் 6 ஆயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டார்கள். விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அலையில் சிக்கினார்கள். நம் மரக்காணத்துக் கடலோரக் குப்பங்களும் தப்பவில்லை.

முந்தின நாள் நட்சத்திர விளக்கு எரிந்த கோயில் வளாகங்களும் பள்ளிக்கூடங்களும் மறுநாள் தஞ்சம் புகுந்தோரின் இடங்களாயின. பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாத்தினர் கல்யாண வீட்டுக்கென ஆக்கிய சோற்றை அலையில் அனைத்தையும் இழந்த மீனவ மக்களுக்குப் பரிமாறினார்கள்; அதன் பிறகும் நாள்தோறும் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள் அல்லர். கிறிஸ்துமஸ் எதைக் கேட்கிறதோ அதைச் செய்தவர்கள்.

டிசம்பர் 25இல் கொடுக்க நம்மை விழா தூண்டுகிறது. டிசம்பர் 26இல் கொடுக்க நம்மை யார் தூண்டுவார்? பேரிடர் வந்தால் தூண்டும். அதுவும் வராத சாதாரண ஜனவரியில்?

மருத்துவமனையில் இதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம். காசநோயாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சாதாரண வகைக் காசநோய்க்கே ஆறு மாதம் விடாமல் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாத்திரை அரசின் வழியே இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் சோறு வேண்டுமே! 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகள் 2,800 பேரும் அவர்கள் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரும் அதில் இடம்பெற்றனர். சில பகுதிகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் தரப்பட்டது. மற்றப் பகுதிகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துத் தரப்பட்டன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எங்களுக்கு நம் பங்குகளின் பிடியரிசி நினைவுக்கு வந்தது.

பிடியரிசி என்றால் உங்களுக்குத் தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது. நம் பாட்டிமார் இதை ஓர் ஆய்வும் படிக்காமல் செய்தார்கள். அன்றாடம் ஒரு பிடி என்பதால் கொடுப்பவருக்குச் சுமையில்லை. அன்றாடம் சேர்வதால் வாங்குபவருக்கு நம்பிக்கை உண்டு. விழா நாளில் வாங்கிக் கொடுக்கும் கேக்கு ஒரு நாள் இனிக்கும். ஆறு மாத அரிசி ஒரு குடும்பத்தை நோயிலிருந்து காக்கும். கேக்கும் வேண்டும், நாங்கள் மறுக்கவில்லை! அதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நல்ல சமாரியரின் கதையில் (லூக்கா 10:30-37) நாம் அடிக்கடி கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. அவர் காயம்பட்டவரைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்தார். அது இரண்டு நாள் கூலி. அத்துடன் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. கூடுதலாகச் செலவானால் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சத்திரக்காரரிடம் வாக்களித்தார். மறுநாளுக்கும் சேர்த்துத் திறந்துவைத்த கை அது.

சிந்திக்க, பகிர்ந்துகொள்ள

1. நீங்கள் இன்று நலமாக இருப்பதற்குக் காரணமான, இனித் திருப்பித் தர இயலாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த நன்றியை இந்தக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வேறு யாரிடம் கொண்டுசெல்லலாம்?

2. கடைசியாக நீங்கள் ஒருவருக்கு உதவியபோது அவர் முகம் எப்படி இருந்தது? அவர் வெட்கப்படாமல் இருக்க வேறு எப்படிக் கொடுத்திருக்கலாம்?

3. உங்கள் பங்கின் கீதபவனி எந்தத் தெருக்களுக்குச் செல்வதில்லை? ஏன்? இவ்வாண்டு அங்கே முதலில் சென்றால் என்ன?

4. உங்கள் வீட்டிலோ அன்பியத்திலோ பிடியரிசி வழக்கம் இருந்து நின்றுபோயிற்றா? பிள்ளைகள் கையால் அதை மறுபடி தொடங்க முடியுமா? உங்கள் ஊரில் காசநோய் மருந்து உண்ணும் குடும்பம் ஒன்றுக்கு ஆறு மாதத்துக்கு அது எட்டுமா?

5. பிறரிடமிருந்து, குறிப்பாக உங்களைவிட எளியவரிடமிருந்து, எதையேனும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது எப்போது?

அன்பார்ந்த நண்பர்களே, அந்த ஆயாவின் கஞ்சிக்குப் பணம் கட்டியது உங்களுள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். யார் என்று எங்களுக்கும் தெரியாது. அது பொதுக் காணிக்கையிலிருந்து சென்றது. உங்களுக்கு அவர் நன்றிக் கடிதம் எழுதவில்லை. எழுதவும் தெரியாதவர். ஆனால் உங்கள் கஞ்சி அவரிடமிருந்து மல்லாட்டையாகப் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குச் சென்றுவிட்டது. அந்தப் பெண் இனி யாருக்கு என்ன கொடுப்பாரோ, அது எங்களுக்கும் தெரியப்போவதில்லை. இறைவன் அறிவார். அதுவே போதும்.

செபம்: அன்புத் தந்தையே, உம் திருமகனை நாங்கள் கேளாமலே எங்களுக்குக் கொடுத்தீர். பெற்றதை மறவாத மனத்தையும், பெற்றதைப் பூட்டி வைக்காத கையையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் கொடுக்கும்போது யாரும் தலைகுனிய வேண்டாம். எங்களுக்குக் கொடுக்கப்படும்போது நாங்களும் முகம் திருப்பாமல் இருக்க அருள்புரியும். நட்சத்திர விளக்கை இறக்கிய பின்பும் எங்கள் அடுப்பருகே ஒரு பிடி அரிசி தனியே இருக்கச் செய்தருளும். ஆமென்.